அளவெடுத்துத் தைத்த ஜீன்ஸ்

மந்திர் மார்க்கிலுள்ள தமிழ்ப் பள்ளியில் 1990களில் பயின்ற எங்களுக்கு நாகரிக உடை என்றாலே நினைவுக்கு வருவது ‘மோகன் சிங் பிளேஸ்’ என்னும் வணிக வளாகமே. கோல் மார்க்கெட், கோல் டாக் கானா வழியாக நடந்தால் பாபா கடக் சிங் மார்க்கில் அதனை அடையலாம். மாடியில் இந்தியன் காபி ஹவுஸ். கீழே ஜீன்ஸ் தைக்கும் கடைகள் வரிசையாக இருந்தன.

வெளிநாட்டு ஆயத்த உடைகளின் இறக்குமதிக்கு அக்காலத்தில் கடுங்கட்டுப்பாடு இருந்தது. வந்தவற்றின் விலையோ அரசாங்க குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாதது. ஆனால் டெனிம் துணி உள்நாட்டிலேயே கிடைத்தது. அகமதாபாத் அர்விந்த் ஆலை 1980களின் பிற்பகுதியில் அதனை நெய்யத் தொடங்கியிருந்தது. துணியைத் தேர்ந்து அளவு கொடுத்தால், சில மணி நேரத்தில் செப்புக் குமிழ்கள் பதித்த ஜீன்ஸ் கைக்கு வரும். துணிக்கும் கூலிக்கும் மட்டுமே பணம். விளம்பரச் செலவு நம் தலையில் விழவில்லை. பின்புறம் தைத்த அயல்நாட்டுப் பெயர்ச்சீட்டு பொய்தான். இடுப்பளவு மட்டும் மெய்.

இம்முறையையே அர்விந்த் நிறுவனம் 1995-இல் நாடெங்கும் கொண்டுசென்றது. ‘ரஃப் அண்ட் டஃப்’ என்ற பெயரில் துணி, ஜிப், குமிழ், பெயர்ச்சீட்டு யாவும் ஒரே பொட்டலமாக விற்கப்பட்டன. அதனை வாங்கி உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்தால் போதும்.

அதற்கு முன்பே கும்பகோணத்திலிருந்த என் சிற்றப்பா மகனுக்கு மோகன் சிங் பிளேஸ் ஜீன்ஸ் மீது ஆசை. இடுப்பையும் கால் நீளத்தையும் நூலால் அளந்து, முடிச்சிட்டுக் கடிதத்தில் வைத்து அனுப்பினான். தையற்காரர் நகைக்கவில்லை; நூலை அளவு நாடாவின்மேல் நீட்டிக் குறித்துக்கொண்டார். “வளரும் பையன்” என்று காலடியில் நான்கு விரற்கடை துணியை உள்மடித்தும் வைத்தார். கோடை விடுமுறையில் ரயிலேறி அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆண்டுதோறும் மடிப்பைப் பிரித்து மூன்று ஆண்டுகள் அணிந்தான்.

இன்றும் மலிவான ஜீன்ஸுக்குக் குறைவில்லை. எனினும் அங்கே உடலை எண்ணுக்குப் பொருத்த வேண்டியிருக்கிறது. உள்மடிப்பில் மிச்சத் துணியும் இருப்பதில்லை. உங்கள் தெருமுனையில் ஒரு தையற்காரர் இன்னும் இருப்பாராயின், அடுத்த பண்டிகைக்கு அவரிடம் ஒருமுறை அளவு கொடுங்கள்.