இலாமுரிதேசத்துக் கடல்

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் இலாமுரிதேசம், சுமத்திராவின் வடமுனையில் உள்ள இன்றைய ஆச்சே. மேற்கிலிருந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கப்பல்களுக்கு அது வாசல். 17ஆம் நூற்றாண்டில் மிளகு வாங்க வந்த ஆங்கிலேயரும் குஜராத்திகளும் ஆச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் அனுமதிக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்த மண்ணுக்குச் சோறு போட்டது கடல்தான்.

2004 டிசம்பர் 26 காலை அந்தக் கடல் எழுந்தது. ஆச்சேயில் மட்டும் 1,60,000 பேருக்கு மேல் மாண்டார்கள், காணாமல் போனார்கள். கரையோரம் நின்ற 2,600 டன் மின்னுற்பத்திக் கப்பலை அலை தூக்கி, பண்டா ஆச்சேயின் வீடுகளுக்கு நடுவே இறக்கியது. இன்றும் அங்கேயே நிற்கிறது.

அந்த அலையை எழுப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமலூவே தீவில் எழுபதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர். 1907இல் அந்தத் தீவை ஓர் ஆழிப்பேரலை அழித்திருந்தது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் ஓடினார்கள். பெருநிலத்து ஆச்சேயில் பலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. கடல் உள்வாங்கியதும் துள்ளிய மீனைப் பொறுக்க இறங்கியவர்கள் உண்டு. எந்தக் கருவியும் அன்று செய்யாத வேலையை ஒரு சொல் செய்தது என்பேன்.

இந்தோனேசியாவிடமிருந்து பிரிய ஆச்சேயில் 1976இல் தொடங்கிய விடுதலைப் போர் 2005 ஆகஸ்டு 15இல் ஹெல்சிங்கி உடன்பாட்டோடு ஓய்ந்தது. சண்டைக்காலத்தில் இருட்டியதும் வீடடைந்த ஊரில், இன்று நள்ளிரவிலும் காப்பிக்கடைகள் நிறைந்திருக்கின்றன. நீண்ட துணி வடிகட்டியை உயரத் தூக்கி ஆற்றிய காப்பியில் கொஞ்சம் பால் சேர்த்தால் அது 'சாங்கெர்'. வாடிக்கையாளர்களில் பலர் அலைக்குப் பின் வளர்ந்தவர்கள். அவர்களுக்காகவே 2009இல் சுனாமி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மீனவர் தலைவரான 'பங்லிமா லாவுத்'தின் வழக்காற்றுச் சட்டப்படி வெள்ளிக்கிழமை வலை வீசக் கூடாது என்பது பழைய விதி. இப்போது டிசம்பர் 26ஆம் தேதியும் அதோடு சேர்ந்துவிட்டது.

அதே அலைதான் சில மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக்கும் வந்தது. கண்ணால் கண்டவர்கள் நம் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் கேட்கச் செய்யுங்கள்.