கல்குவாரிக் குட்டைக்குப் பொறுப்பு யார்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் பல இடங்களில் மண்ணுக்கு அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் இதை உடைத்து எடுக்கிறார்கள். குத்தகைக் காலம் முடிந்து இயந்திரங்கள் போன பிறகு, செங்குத்தான பள்ளம் மிஞ்சுகிறது. ஓரிரு பருவமழையில் அதில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. இந்தத் தண்ணீரைப் பயிருக்கு எடுக்கலாமா என்று யோசிக்கும் விவசாயிகள், இந்தக் குட்டை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதையும் முதலில் கேட்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு ஏக்கர் பரப்பும் 20 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளத்தில் சுமார் 8 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். நிலக்கடலைக்கு 500 மி.மீ. நீர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 40 ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு இது போதும். ஆழம் அதிகம், மேற்பரப்பு குறைவு என்பதால், அதே அளவு நீர் நிற்கும் ஏரியைவிட இங்கே ஆவியாகி வீணாவதும் குறைவு. 2017, 2019 வறட்சிக் காலங்களில் மாங்காடு அருகே உள்ள சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து நீர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக வழங்கினார்கள். ஆகவே இதை வெறும் பள்ளம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பொறுப்பு எங்கே விடுபடுகிறது?

தமிழகத்தில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகளை நீர்வளத் துறையும், அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி ஒன்றியமும் பார்க்கின்றன. குவாரிக் குட்டைக்கு ஆயக்கட்டும் இல்லை, மதகும் இல்லை. வருவாய்க் கணக்கில் அது பெரும்பாலும் கல்லாங்குத்துப் புறம்போக்காகவோ பட்டா நிலமாகவோதான் இருக்கும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்கும் பொருந்தும். தோண்டிய பள்ளம் அதில் வராது.

குவாரி நடக்கும் வரை விதிகளுக்குக் குறைவில்லை. சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு எல்லாம் வேண்டும். கைவிடும் சுரங்கத்துக்கு வேலி போட வேண்டும் என்று சுரங்கப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. குத்தகைதாரர் கணக்கை முடித்துக்கொண்டு போன பிறகு அந்த வேலியைப் பார்க்க வருபவர் யார் என்பதில்தான் சிக்கல். கோடை விடுமுறையில் குவாரிக் குட்டையில் மூழ்கிச் சிறுவர்கள் இறந்த செய்திகள் தொடர்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏரியைப் போல இங்கே கரையோரத்தில் ஆழமற்ற இடம் கிடையாது. காலை வைத்தவுடன் ஆழம்தான். ஆடு மாடுகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

குத்தகை முடியும் முன்பே கேளுங்கள்

குத்தகைதாரர் ஊரில் இருக்கும்போதே கேட்டால்தான் வேலை நடக்கும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கையைத் தர வேண்டும். அது பொது ஆவணம். விண்ணப்பித்தால் யாருக்கும் நகல் தர வேண்டும். வேலி, மழைநீர் வடிகால், மரக்கன்றுகள் பற்றி அதில் எழுதியிருப்பதையும் நேரில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனம் விளையும் நிலைக்குக் கொண்டுவருவதைக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8-ஆம் தேதி உத்தரவிட்டது. கால்நடை வளர்ப்போர் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபையில் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்: குட்டையைச் சுற்றி வேலி, இறங்க ஒரு சாய்வுப் பாதை, புறம்போக்கு நிலமாக இருந்தால் நீர்நிலையாகப் பதிவு. தீர்மான நகலை ஆட்சியருக்கும் கனிமவளத் துறைக்கும் அனுப்புங்கள்.

நீரை எடுக்கும் முன்

* மேல்மட்டத்திலும் ஆழத்திலும் தனித்தனியாக மாதிரி எடுத்து, அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எப்படி எடுப்பது என்று காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

* மின்கடத்துத் திறன் 2 டெசி சைமனுக்குள்ளும், எஞ்சிய சோடியம் கார்பனேட் 1.25-க்குள்ளும் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குப் பாய்ச்சலாம். வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதால் நைட்ரேட் அளவையும் கேளுங்கள்.

* குப்பை, ஆலைக் கழிவு கொட்டிய குட்டையின் நீரை எடுக்கவே வேண்டாம்.

* பாறை வெடிப்புகள் வழியாகக் குட்டைக்கும் பக்கத்துக் கிணறுகளுக்கும் தொடர்பு இருக்கலாம். ஒரு வாரம் அளவாக இறைத்து, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து பாருங்கள். அங்கே மட்டம் இறங்கினால், நீங்கள் இறைப்பது பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர்.

* ஊராட்சியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மோட்டார் வைக்காதீர்கள். பட்டா நிலமாக இருந்தால் நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். செங்குத்துப் பாறை விளிம்பில் மோட்டாரை நிறுத்துவதும் ஆபத்து.

ஏரிக்குக் கரை காக்க ஆள் இருந்ததால்தான் அது தலைமுறை தாண்டி நின்றது. குவாரிக் குட்டைக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு யாருக்கு என்று எழுதி வாங்கிய பிறகு பாசனத்தைப் பற்றிப் பேசலாம்.