திரும்பி வாராதோர்

1901ஆம் ஆண்டில் வில்லியம் காட்பரி என்னும் ஆங்கில வணிகர் மேற்கிந்தியத் தீவான திரினிடாட்டுக்குச் சென்றிருந்தார். பேர்மிங்காம் நகரில் சொக்கலேற் செய்யும் பெரிய குடும்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர் அவர். ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவிலிருந்து தமது ஆலைக்கு வரும் கொக்கோ அடிமைகளின் உழைப்பால் விளைவது என்ற செய்தி அங்கேதான் அவர் காதில் விழுந்தது. அதே ஆண்டில் அத்தீவுத் தோட்டமொன்று விற்பனைக்கு வந்தது. அதன் உடைமைப் பட்டியலில் தொழிலாளரும் ஒரு தொகைக்கு மதிப்பிடப்பட்டிருந்தனர். கூலிக்கு வேலை செய்பவனுக்கு விலை ஏது?

போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த அத்தீவில் அடிமை முறை 1870களிலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. அங்கே உழைத்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர் எனப்பட்டனர். அங்கோலாவின் உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு வந்து, அரசாங்க அலுவலர் முன்னிலையில் ஐந்தாண்டு வேலைக்கு மனமுவந்து இசைந்தவர்கள் என்று பத்திரம் சொல்லிற்று. பத்திரத்தில் குறையில்லை. குறை முழுவதும் பத்திரம் தொடங்குவதற்கு முந்திய பாதையில் இருந்தது. அவ்வழியே பயணம் செய்த நெவின்சன் என்னும் பத்திரிகையாளர், உள்நாட்டிலிருந்து கரைக்கு இறங்கும் காட்டுப் பாதையில் மரத்தாலான விலங்குகள் கழற்றி எறியப்பட்டுக் கிடந்ததைக் கண்டு எழுதினார். சொக்கலேற் நிறுவனங்கள் 1905இல் அனுப்பிய ஜோசப் பர்ட் தீவிலும் அங்கோலாவிலும் ஏறக்குறைய இரண்டாண்டு தங்கி ஆராய்ந்தார். அவரது அறிக்கையின் சாரம் எளியது. தொழிலாளரிற் பெரும்பாலோர் தம் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஐந்தாண்டு முடிந்தபின் ஊர் திரும்பியவர் அரிதினும் அரிது.

ஓர் ஒப்பந்தம் உண்மையானதா என்று அறிய வேண்டுமானால் கையொப்பத்தைப் பார்த்துப் பயனில்லை. போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்று கேட்கவேண்டும். ஆயிரம் ஏடுகளைப் புரட்டினாலும் கிடைக்காத விடை அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்துவிடும்.

ஆனால், விடை தெரிந்த பின்னும் கொள்முதல் நிற்கவில்லை. வாங்குவோராக இருக்கும்வரைதான் தமது சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று காட்பரி குடும்பத்தார் கருதினர். பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சும் பொறுத்திருக்குமாறே அறிவுரை கூறிற்று. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போர்த்துக்கேய மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் வேண்டியிருந்த காலம் அது என்பதையும் இங்கே மறந்துவிடுவதற்கில்லை. இறுதியில் 1909ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் காட்பரி, ஃபிரை, ரவுண்ட்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் தீவின் கொக்கோவை வாங்குவதில்லை என்று அறிவித்தன. கேள்விப்பட்டதற்கும் கைவிட்டதற்கும் இடையே எட்டாண்டுகள் கழிந்திருந்தன.

இந்தத் தாமதத்தையே 'ஸ்டாண்டர்ட்' என்னும் இலண்டன் நாளிதழ் 1908இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. காட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. வழக்கு 1909ஆம் ஆண்டின் இறுதியில் பேர்மிங்காமில் விசாரிக்கப்பட்டது. பத்திரிகையின் சார்பில் தோன்றிய எட்வர்ட் கார்சன், அந்த ஆண்டுகளில் இந்தக் கொக்கோவுக்காக மாண்ட அடிமைகள் எத்தனை பேர் எனக் கணக்கிட்டதுண்டா என்று வில்லியம் காட்பரியை வினவினார். இல்லை என்பதே பதில். நிறுவனம் வென்றது, ஆனால் யூரிமார் விதித்த நட்டஈடு ஒரு பார்திங், அதாவது கால் பென்னி. அக்காலத்து ஆங்கில நாணயங்களில் அதனினும் சிறியது புழக்கத்தில் இல்லை.

கொள்முதலை நிறுத்துவதும் முழு மருந்தன்று. காட்பரி நிறுவனம் இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டின் சிறு விவசாயிகளை நாடிச் சென்றது. தீவின் கொக்கோவை வேறு வணிகர் வாங்கிக்கொண்டனர். ஆலைக்காரரின் கை சுத்தமாயிற்று. தோட்டத்திலிருந்தவனுக்கு அங்கோலாவுக்கு மீளும் கப்பல் அதனாலேயே வந்துவிடவில்லை.

போகும் வழி திறந்தும் மீளும் வழி அடைத்தும் இருப்பது ஆபிரிக்கத் தீவுக்கு மட்டும் உரிய கதையன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்ன தொழிலாளரின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவரைக் கொண்டுபோகலாம் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுப்பது அது. தமிழகத்துக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவுமே அந்தக் கடனின் தொடக்கம். சாவோ தோமேயும் மலைநாடும் ஒன்றல்ல; எனினும், அங்கே கடல் செய்த காவலை இங்கே கடன் செய்தது. 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை நீக்கிற்று.

இன்று கடல் கடந்து ஆலை வேலைக்குச் செல்பவர் பலரும் முதலில் ஒரு தரகருக்குப் பணம் கட்டுகின்றனர். அப்பணம் வட்டிக்கு வாங்கியது. போய்ச் சேர்ந்ததும் கடவுச்சீட்டை முதலாளி வாங்கிப் பூட்டிவைப்பதும் உண்டு. வெளிநாட்டுக் கொள்வனவாளரின் பரிசோதகர் வருகிறார். சம்பள ஏட்டையும் தீயணைக்கும் கருவியையும் பார்த்துவிட்டுப் போகிறார். ஏட்டிலே கடன் இல்லை. தொழிலாளரிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதைச் சர்வதேசத் தொழில் தாபனம் 1997ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலேயே பொது விதியாக வகுத்துள்ளது. ஆட்சேர்ப்புச் செலவை முதலாளி ஏற்றால், தொழிலாளியை மறித்து நிற்கும் முதற் சுவர் எழாமலே போகும். அதற்கேற்ற விலையைக் கொடுக்கக் கொள்வனவாளரும் இசையவேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் முடிச்சிடுகிறது.

காட்பரியின் நாட்டில் 2015இல் நவீன அடிமைமுறைச் சட்டம் நிறைவேறிற்று. ஆண்டு விற்பனை மூன்று கோடியே அறுபது இலட்சம் பவுணும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தமது விநியோகச் சங்கிலியில் அடிமைத்தனம் நேராதிருக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்று அது விதித்தது. ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று ஒரு நிறுவனம் எழுதி வெளியிட்டாலும் அந்த விதி நிறைவேறியதாகவே கொள்ளும்படி சட்டத்தின் வாசகம் அமைந்தது.