கைக்குள் ஒரு தபாற்பெட்டி



நமக்கு வரவேண்டிய செய்தி யாருடைய கையால் நம்மை வந்தடைகிறது? பெருந்தோட்ட மக்களின் வாழ்வில் இது சிறிய கேள்வி அல்ல. லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் இருந்தாலும் முகவரி இருக்கவில்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்தன. நகரத் தபாலகத்திலிருந்து தப்பால் பையில் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யார் மூலமாவது லயத்துக்கு வந்து சேர வேண்டும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி கடந்தபின் கிடைத்ததும், அடகு வைத்த நகை ஏலத்துக்கு வரும் அறிவித்தல் கைக்கு வராமலே போனதும் பல குடும்பங்கள் கண்ட துன்பங்கள்.

அதற்கும் முந்திய காலத்தில் தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே குற்றம். தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடம் பூண்டே லயங்களுக்குள் சென்றார். 1920களில் அவர் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். வாசிக்கத் தெரியாத மக்களுக்குச் செய்தி சேர்வதற்காக அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டங்களில் பாட்டாகவே பாடினார். ஒரு செய்தியை லயத்து வாசலுக்குக் கொண்டுவர அன்று இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

இன்று அந்த வாசல் நம் கைக்குள்ளேயே திறந்திருக்கிறது. நமுனுகுல மலைச் சரிவில் ஸ்பிரிங்வெளியின் மேற்பிரிவுகளிலிருந்து பதுளைக்கு ஒரு காரியமாகப் போய்வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். அங்கும் கைத்தொலைபேசி ஒரு நொடியில் செய்தி கொண்டுவருகிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதன் அருமை இன்னும் அதிகம். ஒரே லயத்தில் சுவரோடு சுவராக வாழ்ந்தவர்களில் சிலர் இன்று புதிய குடியிருப்பில், சிலர் உறவினர் வீட்டில், சிலர் கொழும்புக் கடைகளில், சிலர் வளைகுடா நாடுகளில். பீலிக்கரையிலும் பிரட்டுக் களத்திலும் கூடிப் பேசிய அந்தச் சனம் இப்போது ஒரு வட்ஸ்அப் குழுவில்தான் ஒன்றுகூடுகிறது. மரண அறிவித்தல், திருவிழாத் திகதி, நிவாரணப் பதிவு எல்லாம் அதில்தான் வருகின்றன. இடையில் எவர் கையும் படாமல் நம்மிடம் வரும் முதல் தபாற்பெட்டி இது.

ஆனால் இந்தப் பெட்டிக்குப் பின்னால் தபாலகம் இல்லை. எவரும் எதையும் இதற்குள் போடலாம். அனுப்பியவர் யார், எப்போது அனுப்பினார் என்று பார்க்கும் வேலை முழுவதும் இப்போது நம்முடையது. அந்த வேலையைச் செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதை நம் நாடே கண்டிருக்கிறது.

ஒரு மாவுக்கட்டி மூட்டிய தீ

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில் ஒருவர் தம் சாப்பாட்டில் சிறிய கட்டி ஒன்றைக் கண்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்று சத்தமிட்டார். கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகப் புரியவில்லை. கூடிநின்றவர்களின் மிரட்டலுக்குத் தலையாட்டினார். அந்தக் காட்சி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் உலகிலேயே இல்லை.

அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியவிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்களும் பறிபோயின. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றைத் தடை செய்தது. தடை ஒரு வாரமளவு நீடித்தது. முகநூல் நிறுவனம் தன் தளம் இந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக 2020இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்காரருக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்?

மொழி புரியாமல் தலையாட்டிய அந்த மனிதரின் நிலையை நம் மக்கள் நன்றாக உணர்வார்கள். காரியாலயத்திலும் பொலிஸிலும் வைத்தியசாலையிலும் அப்படி நின்றவர்கள் நாம். 1977இலும் 1983இலும் வதந்தியோடு வந்த கும்பல்களின் கையில் அடிபட்டவர்களும் நாம். ஆகவே இன்னொரு இனத்தை இழிவுபடுத்தும் செய்தி நம் கைக்கு வரும்போது, அதை அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டாம்.

மழைக்காலத்தில் வரும் செய்தி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாட்களில் நூறு பேர், இருநூறு பேர், முந்நூறு பேர் என்று ஆளுக்கொரு கணக்குப் பரவியது. உறவினரைத் தேடி அலைந்தவர்களின் மனத்தை அந்த எண்கள் எவ்வளவு வதைத்திருக்கும்! கடைசியில் உறுதியான இழப்பு அந்தக் கணக்குகளை விட மிகக் குறைவாக இருந்தது.

மீரியபெத்தை இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்கள் போய்க் குடியேற இடம் இருக்கவில்லை. 75 வீடுகள் கொண்ட புதிய குடியிருப்பு 2016 ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டது. தகவல் எவ்வளவு வேகமாக வந்தாலும், காலை ஊன்ற ஒரு துண்டு நிலம் இல்லாதவருக்கு அது பாதித் தகவலே. காணி உரிமைக்கான குரலை எந்தத் தொலைபேசியும் ஈடுசெய்யாது.

ஆயினும் அந்தப் பாதித் தகவலும் சரியானதாக இருந்தால் உயிர் காக்கும். மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதும் அறிவித்தலில் இருக்கும். திகதியும் நேரமும் வெட்டப்பட்ட படம் ஒன்று வந்தால் அது போன வருடத்து எச்சரிக்கையாகவும் இருக்கலாம். உடனே 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையோ கிராம உத்தியோகத்தரையோ கேளுங்கள்.

மழையை நாமே அளக்கவும் முடியும். பக்கங்கள் நேரான தகரப் பேணி ஒன்றை வெட்டவெளியில் வைத்து, சேர்ந்த நீரை அடிமட்டத்தால் அளவுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று நீர் ஆகியவற்றைக் கண்டால் எந்த எச்சரிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பெரும் அழிவைக் கண்டன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்தன. மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே தொலைபேசி ஊமையாகிவிடும் என்பது அந்த நாட்களின் பாடம். ஆகவே கோயில் மணி, தேவாலய மணி, தப்பு, ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கைவிடலாகாது. எத்தனை அடி அடித்தால் எங்கே கூடுவது என்று மழை வருமுன்பே பேசி வையுங்கள்.

தொழிலுக்கும் தோட்டத்துக்கும்

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, மலையகத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடையணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். கொழும்பில் வேலை செய்த இளைஞர் யுவதிகள் முகநூல் வழியாக ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட கூட்டம் அது. அப்போது அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. அவர்கள் கேட்டது 1000. அழைப்புப் பரவச் சில நாட்களே போதுமாக இருந்தன. 1000 ரூபா வர்த்தமானியில் வெளிவர 2021 மார்ச் வரை சென்றது. இடையில் பேச்சுவார்த்தை, போராட்டம், சம்பளச்சபை என்று நீண்ட உழைப்பு வேண்டியிருந்தது. தொலைபேசி ஆட்களைக் கூட்டித் தரும். கூடியபின் உள்ள வேலையை மனிதரே செய்ய வேண்டும்.

மரக்கறி பயிரிடும் குடும்பங்களுக்கும் இதில் பயனுண்டு. போஞ்சியோ கோவாவோ வெட்டுமுன், கெப்பெட்டிபொல, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையங்களில் அன்றைய விலை என்னவென்று கேட்டறிந்தால், தோட்டத்து வாசலுக்கு வரும் வியாபாரியிடம் தைரியமாகப் பேசலாம். பயிருக்கு நோய் கண்டால் 1920 இலக்கத்தில் கமத்தொழில் திணைக்களத்தின் ஆலோசனையைக் கேட்கலாம்.

அதே திரையில்தான் வெளிநாட்டு வேலை என்ற தூண்டிலும் வருகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே இணையத்தில் பிறரை ஏமாற்றும் முகாம்களில் அடைக்கப்பட்டு அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர். 2023, 2024ஆம் ஆண்டுகளில் இச்செய்திகள் வெளிவந்தன. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று எவராவது சொன்னால் சந்தேகியுங்கள். கடவுச்சீட்டையோ பணத்தையோ கொடுக்குமுன் 1989 இலக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தைக் கேளுங்கள்.

வீட்டுக்குள்

கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, 2021இல் லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து, மரத்தில் கட்டிய குடிலில் ஏறிப் பாடம் படித்தனர். பெற்றோர் காவலுக்குக் கூடவே போனார்கள். அப்படிப் பாடத்துக்காகக் கைக்கு வந்த தொலைபேசி இன்று பல வீடுகளில் நள்ளிரவிலும் பிள்ளையின் கையில் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் பிள்ளை ஒளித்துப் பார்க்கும். எதைப் பார்க்கிறாய், யாரோடு பேசுகிறாய் என்று பக்கத்தில் இருந்து கேட்டால் பேசும். தாய் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் அவசியம்.

படத்தை வெளியிடுவேன் என்று பெண்பிள்ளைகளை மிரட்டிப் பணம் பறிப்போர் இருக்கிறார்கள். இந்த வெட்கம் மிரட்டுபவனுக்கு உரியது, பிள்ளைக்கு உரியதல்ல. அடிக்காமல், ஏசாமல் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். பணம் கொடுக்க வேண்டாம். வந்த செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவையே சாட்சி. சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938, இணையக் குற்றங்களுக்கு 101 ஆகிய இலக்கங்களில் உதவி கேட்கலாம்.

நம் குழுவுக்குச் சில ஒழுங்குகள்

மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் போன்றவற்றுக்கு நாம் யாப்பு வைத்திருக்கிறோம். வட்ஸ்அப் குழுவுக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும்.

1. அனுப்பியவர், திகதி, இடம் தெரியாத செய்தியைப் பகிர்வதில்லை.
2. அனர்த்தச் செய்திகளைச் சரிபார்த்துப் போட இருவரை நியமிப்போம். அவர்களில் ஒருவராவது சிங்களம் வாசித்துத் தமிழில் சொல்லக்கூடியவராக இருக்கட்டும்.
3. இறந்தவரின், காயப்பட்டவரின் படத்தைக் குடும்பத்தாரைக் கேளாமல் போடுவதில்லை.
4. தவறான செய்தி போட்டவர் அதே குழுவில் திருத்தம் போட வேண்டும். அவரை எவரும் கேலி செய்யக் கூடாது.
5. தொலைபேசி இல்லாத முதியவர் ஒவ்வொருவருக்கும் செய்தி சொல்ல ஓர் அயலவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது ஒழுங்கே இவற்றுள் முதன்மையானது. எல்லாரிடமும் தொலைபேசி உண்டு என்று எண்ணும்போது, இல்லாதவர் மறக்கப்படுகிறார். தப்பு அடித்த காலத்தில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நம் பெட்டிக்கு வரும் நல்ல செய்தியும் அப்படி எல்லாருக்கும் சேர வேண்டும்.

சிந்தித்துக் கலந்துரையாட:

– கடந்த மழைக்காலத்தில் உங்கள் குடியிருப்புக்கு வந்த செய்திகளில் எவை உண்மை, எவை பொய்? எப்படி அறிந்தீர்கள்?
– தொலைபேசி வேலை செய்யாத இரவில் ஒருவரையொருவர் எப்படி எழுப்புவீர்கள்?
– உங்கள் வரிசையில் தொலைபேசி இல்லாதவர் யார்? அவருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை யார் ஏற்கிறீர்கள்?