வேண்டாம் என்றவரை நினைவில் வையுங்கள்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பெயர்ப் பட்டியல் என் பொறுப்பில் இருக்கிறது. அதில் உள்ளவர்களில் பாதிப் பேர் லயத்தை விட்டு ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் என்று தமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். திருவிழா, உபயம், கோத்தோங் ரோயோங், இறப்பு என எதுவானாலும் அவர்களுக்குக் குறுஞ்செய்தி போகும். வயதானவர்கள் பலரிடம் இன்னும் பட்டன் போன்தான்.

அந்தப் பட்டியலைவிடக் கவனமாக நான் காப்பது, "இனி அனுப்பாதீர்கள்" என்று சொன்னவர்களின் தாளை.

பொதுவாக, ஒருவர் வேண்டாம் என்றதும் எண்ணை அழித்துவிடுவார்கள். பிறகு நிர்வாகம் மாறும். பழைய நன்கொடைப் புத்தகத்தைப் பார்த்து யாராவது புதுப் பட்டியல் தயாரிப்பார். அழித்த எண் மறுபடி ஏறிவிடும். அதனால் எண், தேதி, எந்தச் செய்தி வேண்டாம் என்றார் என்பதைத் தனியே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுப்புமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த செயலாளரிடம் கோயில் சாவியோடு அந்தத் தாளையும் ஒப்படைக்க வேண்டும்.

'எந்தச் செய்தி' என்பது முக்கியம். பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் என்னிடம், "தம்பி, காசு கேக்குற மெசேஜ் மட்டும் வேணாம்யா. நம்ம ஆளுங்க யாராச்சும் செத்துட்டா கட்டாயம் சொல்லு" என்றார். நன்கொடைச் செய்தியும் துக்கச் செய்தியும் ஒரே பட்டியலில் இருந்தால், ஒன்றை மறுப்பவர் இரண்டையும் இழப்பார்.

பதில் எந்த மொழியில் வந்தாலும் ஏற்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் வாய்மொழியாகச் சொன்னாலும் அது கணக்குத்தான். காரணம் கேட்டு வற்புறுத்தக் கூடாது. பழைய பிரீபெய்டு எண் வேறொருவர் கைக்குப் போயிருந்து, "நான் அவர் இல்லை" என்று அவர் சொன்னால் அன்றே நிறுத்த வேண்டும்.

மறுப்பை மதிக்கச் சட்டமும் சொல்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அதன் 43ஆவது பிரிவின்படி, என் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்று எவரும் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். நிறுவனம் அதற்கு இணங்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். ஆணையரின் உத்தரவையும் மீறினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எழுதிய கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. கோயில் திருவிழா அழைப்பும் வணிகமல்ல. ஆனால் சட்டம் தொடாத இடத்திலும் மரியாதை உண்டு.

கைப்பேசிக் காசை விழுங்கும் சந்தா சேவைகளுக்கு வழி வேறு. செய்தி வந்த அதே ஐந்திலக்க எண்ணுக்கு 'ஸ்டாப் ஆல்' என்று ஆங்கில எழுத்தில் அனுப்பினால், அந்த எண்ணின் கீழுள்ள எல்லாச் சந்தாவும் நிற்க வேண்டும். மோசடிச் செய்தி என்று தெரிந்தால் பதிலே போடாதீர்கள். எண் புழக்கத்தில் இருப்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள்.

கோயில், சங்கம், பள்ளி நிர்வாகத்தினருக்கு ஒன்று சொல்வேன். வேண்டாத செய்தி தொடர்ந்து வரும் எண்ணிலிருந்து எது வந்தாலும் மக்கள் திறந்து பார்ப்பதில்லை. நாளை ஒரு துக்கச் செய்தி அனுப்பும்போது ஊர் அதைப் படிக்க வேண்டுமானால், மறுத்தவரின் சொல்லை இன்றே மதியுங்கள்.