கல்லூரிக் கட்டணமும் கடன் கணக்கும்

தனியார் கல்லூரிகளை ஒப்பிடும்போது நாம் முதலில் கட்டணத்தையே நோக்குகிறோம். கடன் பெற்றுப் பயில்வோருக்கு அது கணக்கின் தொடக்கமே. ஆண்டுத் தொடக்கந்தோறும் 1 லட்சம் ரூபாயாக நான்காண்டுகள், நூற்றுக்கு 10 தனிவட்டியில் கடன் பெறுவதாகக் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக வளர்ந்திருக்கும்.

வருவாயை எங்ஙனம் அறிவது? தேசிய நிறுவனத் தரவரிசைக்குக் கல்லூரிகள் அளிக்கும் விவரங்களில், ஊதிய வரிசையின் நடு எண்ணாகிய இடைநிலை ஊதியம் காணப்படும். அது வேலை பெற்றோருடையது மட்டுமே. சேர்ந்தோர், தேறியோர், வேலை பெற்றோர், மேற்படிப்புக்குச் சென்றோர் எண்ணிக்கைகளும் அங்கேயே உள. நூற்றுவர் சேர்ந்து நாற்பதின்மரே வேலை பெற்றிருப்பின், அவ்வூதியம் எஞ்சியோர் நிலையைக் காட்டாது. தவணையோ அவர்களையும் தேடி வரும். ஆகவே கட்டணம், கடன், வருவாய் மூன்றையும் ஒருங்கே நோக்கிய பின்னரே கடன் பத்திரத்தில் கையொப்பமிடுதல் நலம்.