முற்றத்துப் பிளாஸ்டிக் புல் கிழிந்தால் தூக்கி எறிய வேண்டாம்!

கொச்சியில் புதிதாகக் கட்டிய வீடுகளின் முற்றங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பெரிய கல் பலகைகள். அவற்றின் இடையே நாலு விரல் அகலத்துக்குப் பச்சைப் புல். குனிந்து தொட்டுப் பார்த்தால்தான் அது புல் அல்ல, பிளாஸ்டிக் என்பது தெரியும்.

கல் தாண்டூரிலிருந்தும் கடப்பாவிலிருந்தும் வருகிறது. அதைப் பதிக்கும் வேலையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். மட்டாஞ்சேரி போல வீடுகள் நெருங்கிய இடத்தில் முற்றத்தில் வெயில் சரியாக விழாது. நிஜப் புல் பிழைப்பது கடினம். ஆகவே பிளாஸ்டிக். "ஒரு முறை போட்டால் போதும், பிறகு கவலையே இல்லை" என்பார்கள் விற்பவர்கள். நாலு மழைக்காலம் கண்ட வீட்டுக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார்.

புல் செத்ததால் பிறந்த புல்

இந்தப் புல் உலகப் புகழ் பெற்ற கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1965-ல் கூரை போட்ட பெரிய விளையாட்டு அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். கூரை வழியே வந்த வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்தது. கூரைக்குச் சாயம் பூசினார்கள். வெயில் இல்லாமல் உள்ளே இருந்த புல் செத்துப் போயிற்று. 1966-ல் அங்கே செயற்கைப் புல்லை விரித்தார்கள்.

அதன் அடி நமக்கும் விழுந்தது. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணி, அடுத்த ஆண்டே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 7-வது இடத்துக்குப் போயிற்று. ஒலிம்பிக் ஹாக்கியைச் செயற்கைத் தரையில் ஆடியது அதுவே முதல் தடவை. 1980-ல் மாஸ்கோவில் தமிழரான பாஸ்கரன் தலைமையில் தங்கம் கிடைத்த பிறகுதான் மனம் ஆறியது.

எங்கே கெடுகிறது?

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அடியில் தண்ணீர் வடிய வழி இல்லாவிட்டால் முதலில் இணைப்பு விடும். பிறகு ஓரம் சுருளும். அடியில் பாசியும் நாற்றமும் சேரும். தாழ்ந்த இடங்களில் காயல் நீர் ஏறி வற்றும்போது சேறும் உப்பும் தங்கிவிடும்.

அடுத்த எதிரி நெருப்பு. இந்தப் புல்லின் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். சுமார் 120 டிகிரியில் உருகிவிடும். கம்பி மத்தாப்பின் சூடோ 1,000 டிகிரிக்கும் மேல். விஷு முடிந்த மறுநாள் காலையில் முற்றத்தில் காசு அளவுக்குக் கறுப்புப் பொட்டுகள் தெரிவது இதனால்தான். வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலி செய்யும் நாளில் அந்தப் பொட்டுக்காக அட்வான்ஸில் கை வைக்கிற வீட்டுக்காரர்களும் உண்டு.

ஒட்டுவது எப்படி?

இணைப்பு மட்டும் விட்டிருந்தால் வேலை சுலபம். இரு பக்கமும் தூக்கி, பழைய பசையைச் சுரண்டி, தரையை நன்றாகக் காயவிட வேண்டும். இணைப்புக்கு நேர் அடியில் ஒட்டுப் பட்டையை விரித்து, பாலியூரிதேன் பசை தடவி, இரு ஓரங்களையும் ஒன்றோடொன்று முட்டும்படி அமர்த்தி, ராத்திரி முழுவதும் செங்கல் பாரம் வைக்கலாம். மரத்துக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசை இதற்கு உதவாது, தண்ணீரில் இளகிவிடும்.

பொசுங்கிய இடத்துக்கு ஒட்டுத்துண்டு வேண்டும். கத்தியை மேலிருந்து ஓட்டினால் இழைகள் வெட்டுப்பட்டு, வழுக்கை விழுந்தது போல் கோடு தெரியும். திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக அறுக்க வேண்டும். அங்கே தையல் வரிசைகள் தெரியும். இரண்டு வரிசைக்கு நடுவில் கத்தி போக வேண்டும். வைக்கிற துண்டின் இழையும் பழைய புல் சாய்ந்திருக்கும் பக்கமே சாய வேண்டும். திசை மாறினால் எத்தனை நேர்த்தியாக ஒட்டினாலும் தூரத்திலிருந்தே காட்டிக் கொடுத்துவிடும்.

கடையிலிருந்து புதுத் துண்டு வாங்கி வைப்பது பலர் செய்யும் காரியம். வெயிலில் வெளுத்த பச்சைக்கு நடுவே புதுப் பச்சை பளிச்சென்று நிற்கும். பூந்தொட்டிக்கு அடியிலோ சுவர் மூலையிலோ அதே புல்லில் ஒரு துண்டை அறுத்து எடுத்து இங்கே வைத்து, புதியதை மூலைக்கு அனுப்புவதே கெட்டிக்காரத்தனம்.

படுத்துவிட்ட இழைகளுக்கு ஒட்டு வேலையே தேவையில்லை. விறைப்பான துடைப்பத்தால் எதிர்ப்பக்கம் தள்ளி, கழுவிய மணலைத் தூவினால் நிமிர்ந்து நிற்கும். ரப்பர் தூள் வேண்டாம். மழை அதை ஓடைக்கு அடித்துச் செல்லும். இத்தகைய பிளாஸ்டிக், ரப்பர் துகள்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தடை விதித்து, மைதானங்களுக்கு 8 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது.

ஈரத்தில் ஒட்டாதீர்கள்

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் மாதத்தில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இன்றைக்கே ஒட்டித் தர வேண்டும்" என்பார்கள். "தரை காயட்டும் சேட்டா, இரண்டு நாள் வெயில் பார்த்து வருகிறேன்" என்று சொல்வதே நல்லது. ஈரத்தில் ஒட்டியது பிய்ந்து வந்தால் பழி மழைக்குப் போகாது, ஒட்டியவருக்குத்தான் வரும். மறுபடி ஒட்டக் கூலியும் கிடைக்காது. பசைக்கு யார் பணம், கூலி நாள் கணக்கா அடிக் கணக்கா என்பதையும் கத்தியை எடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

"இத்தனை பாடு எதற்கு, பிய்த்து எறிந்துவிட்டுப் புதிது போட்டால் என்ன?" என்று கேட்கலாம். எறிவது எங்கே? இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொரு பிளாஸ்டிக், அதன் மேல் பசைப் பூச்சு. மூன்றையும் பிரித்து மறுபடி உருக்குவது லேசில் ஆகிற காரியம் அல்ல. 2023 மார்ச் 2-ம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பத்து நாளுக்கு மேல் புகைந்ததையும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொச்சி இருமியதையும் இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே குவிந்து கிடந்ததில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அந்த மாதமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஒட்டவே முடியாதபடி நைந்து போனதைக்கூடச் சதுரமாக அறுத்து, குளியலறை வாசலில் கால்மிதியாகப் போடலாம். மீந்த புதுத் துண்டு இருந்தால் சுருட்டி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த விஷுவுக்குத் தேவைப்படும்.